பொதியுணவுகளின் ஹலால் தன்மையை அறிதல்

பொதியுணவுகளின் ஹலால் தன்மையை அறிதல் என்பது, உறையிட்டு விற்கப்படும் நொறுக்குத் தீனிகள் இசுலாமிய உணவு விதிகளுக்கு ஏற்றவையா என்பதை உறையிலுள்ள விவரங்களைக் கொண்டு கண்டறிவதாகும்.

சைவ, அசைவக் குறிகள்

இந்தியாவில் சைவ உணவுக்குப் பச்சை வட்டத்தையும் அசைவ உணவுக்குப் பழுப்பு வட்டத்தையும் 2001 ஆம் ஆண்டு விதித்திருத்தங்கள் கட்டாயமாக்கின. பின்னர் 2020 ஒழுங்குவிதிகள் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றின. சென்னைக் கடைகளில் விற்கப்படும் இறக்குமதிப் பொதிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

பச்சைக் குறியுள்ள உணவில் விலங்குக் கொழுப்போ ஜெலட்டினோ (ஊன்பசை) சேர்பொருளாக இருத்தல் கூடாது. ஆயினும் அக்குறி ஹலால் சான்று அன்று; மணமூட்டிகளில் கரைப்பானாகப் பயன்படும் எத்தனாலைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. முட்டை சேர்ந்த பிஸ்கட்டும் அசைவக் குறி பெறுவதால், அக்குறி ஹராம் என்பதற்கு அடையாளமும் அன்று.

சேர்க்கை எண்கள்

* 471: கொழுப்பமிலங்களின் மோனோ, டைகிளிசரைடுகள். தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு ஆகிய இரண்டிலிருந்தும் பெறலாம். பச்சைக் குறி இருப்பின் விலங்குக் கொழுப்பு விலக்கப்படுகிறது.
* 120: கார்மைன். பூச்சியிலிருந்து பெறப்படும் சிவப்பு நிறமி. இதுகுறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

சான்றிதழ்

மலேசியாவில் அரசுத் துறையான ஜாக்கிம் ஹலால் சான்று வழங்குகிறது. இந்தியாவில் சென்னையைச் சேர்ந்த ஹலால் இந்தியா போன்ற தனியார் அமைப்புகள் வழங்குகின்றன. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு, ஏற்றுமதிக்கானவை நீங்கலாக, இச்சான்று பெற்ற உணவுப் பொருட்களின் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்தது. அத்தடை தமிழ்நாட்டிற்குப் பொருந்தாது.