மெதுவாப் பறக்கத் தெரிஞ்ச விமானம்

புழல்ல என் மேசை மேல இப்போ ரெண்டு அடுக்கு இறக்கை வச்ச ஒரு விமான மாடல் பாதியில கிடக்கு. பால்சா மரம், மெல்லிய கம்பி, பசை. ஃபேரி ஸ்வோர்ட்ஃபிஷ், பிரிட்டிஷ் கடற்படை விமானம். இந்த விமானத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, 1942 ஏப்ரல்ல மெட்ராஸ் ஏன் காலியாச்சுங்கிற இடத்துல போய் நிக்கும்.

முதல்ல போட்டி. கன்ட்ரோல் லைன்ல ரிமோட் கிடையாது. நம்ம கைப்பிடியிலிருந்து விமானத்துக்கு எஃகுக் கம்பி போகும், அது நம்மளைச் சுத்தி வட்டமாப் பறக்கும். என்.சி.சி. ஏர் விங்ல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அமெரிக்காவுல இதுலயே 'நேவி கேரியர்'னு ஒரு பிரிவு இருக்கு. கப்பல் தளம் மாதிரி செஞ்ச மேடையிலிருந்து கிளம்பணும். ஏழு சுத்து முழு வேகம். அப்புறம் ஏழு சுத்து, விழாம எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா. கடைசியில வாலடியில தொங்குற கொக்கி மேடையில கட்டின கயித்தைப் பிடிச்சு நிறுத்தணும். அதிக வேகத்தைக் குறைஞ்ச வேகத்தால வகுத்து வர்ற எண்ணுக்கும் புள்ளி உண்டு. மெதுவாப் பறக்கிறதுக்கு மார்க் போடுற போட்டி இது, எனக்குப் பிடிச்சதே அதுதான்.

நிஜ ஸ்வோர்ட்ஃபிஷ்ஷும் அப்படித்தான். உச்ச வேகமே மணிக்கு சுமார் 220 கிலோமீட்டர். துணி போர்த்தின உடம்பு, திறந்த காக்பிட். ஆனா ஆடுற கப்பல் மேல நிதானமா வந்து இறங்கும். 1940ல டாரன்டோ துறைமுகத்துல இத்தாலியப் போர்க்கப்பல்களை அடிச்சது இதுதான். 1941ல பிஸ்மார்க்கை முடமாக்கினதும் இதுதான்.

இலங்கையில கதை மாறிச்சு. 1942 ஏப்ரல் 4, கனடா விமானி லியோனார்ட் பர்ச்சல் ஓட்டின கேட்டலீனா பறக்கும் படகு, இலங்கைக்குத் தெற்கே ஜப்பான் கப்பற்படையைப் பார்த்துட்டுத் தகவல் அனுப்பிச்சு. உடனே சுட்டு வீழ்த்திட்டாங்க. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு மேல குண்டு. அந்த நேரம் பார்த்து திருகோணமலைப் பக்கத்துச் சீனக்குடாவுலருந்து ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் டார்பிடோவோட கொழும்பு நோக்கி வந்துச்சு. எதிர்ல 500 கிலோமீட்டருக்கு மேல போற ஸீரோ. ஆறும் போச்சு. பகல் வெளிச்சத்துல, காவல் விமானம் இல்லாம, அந்த நிதானமே எமனாயிடுச்சு.

ஏப்ரல் 9. ஹெர்மீஸ், விமானம் தாங்குறதுக்குன்னே முதன்முதல்ல வடிவமைச்ச கப்பல், மட்டக்களப்புப் பக்கத்துல மூழ்குச்சு. 307 பேர் செத்தாங்க. அன்னைக்கு அதுல ஒரு விமானம்கூட இல்ல. அதோட ஸ்வோர்ட்ஃபிஷ் எல்லாம் கரையில, சீனக்குடாவுல. உதவிக்குக் கிளம்பின போர் விமானங்கள் வர்றதுக்குள்ள கப்பல் போயிருச்சு.

இதுக்கு நடுவுல, ஏப்ரல் 6ல விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு விழுந்திருந்தது. அடுத்தது நாமன்னு மெட்ராஸ் முடிவு பண்ணிடுச்சு. உயர் நீதிமன்றம் கோவைக்குப் போச்சு, அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு. மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சிசாலையில, கூண்டு உடைஞ்சா ஆபத்துன்னு சிங்கம் புலிகளைச் சுட்டாங்க. வசதி இருந்தவங்க ரயிலேறினாங்க. இல்லாதவங்க, குறிப்பா துறைமுகத்தை நம்பி இருந்த வடசென்னைக்காரங்க, எங்க போவாங்க?

ஜப்பான் படை வரல. பயம் மட்டும் தங்கிடுச்சு. அதே வருஷம் நடுவுல பிரிட்டிஷ் விமானப்படையோட 240வது ஸ்குவாட்ரன் கேட்டலீனாக்களோட நம்ம செங்குன்றம் ஏரிக்கு, அதாவது புழல் ஏரிக்கு, வந்துச்சு. பர்ச்சல் ஓட்டின அதே ரகம். அதுவும் வேகமான விமானம் இல்ல. ஆனா 20 மணி நேரத்துக்கு மேலயும் வானத்துல இருக்கும், தண்ணியிலயே ஏறி இறங்கும். வங்காள விரிகுடாவைக் கண்காணிக்க வேண்டியது அப்படி ஒண்ணுதான். நம்ம குடிதண்ணி ஏரி போர் முடியுற வரைக்கும் விமானத் தளமா இருந்துச்சு. அதைப் பத்தி அடுத்த எபிசோட்ல.