பெயர் எழுதிய ஜாடி

கே.கே. நகரில் என் வீட்டு அலமாரியில் ஒரு பீங்கான் ஜாடி இருக்கிறது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. ஸ்ரீரங்கத்தில் வைத்தியம் பார்த்த தாத்தா அதில் லேகியம் வைத்திருந்தார். இப்போது நாரத்தங்காய். அவர் ஜாடிகள் எதிலும் எழுத்து இருந்ததில்லை. எதில் எது என்பது அவருக்குத் தெரியும். அவர் போனபின் ஏழெட்டு ஜாடிகளில் இருந்ததைக் கொல்லையில் கொட்டினோம்.

ஐரோப்பாவின் பழைய மருந்துக்கடை ஜாடிகளைப் படங்களில் பார்க்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது எழுத்துதான். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் செய்த இந்த வகைக்கு அல்பரெல்லோ என்று பெயர். உயரமான உருளை, இடை சற்று ஒடுங்கியிருக்கும். நெருக்கி அடுக்கிய பலகையிலிருந்து ஒரு கையால் பற்றி எடுக்க அந்த ஒடுக்கம். வாயில் தோலையோ துணியையோ போர்த்தி, விளிம்புக்குக் கீழே கயிறு கட்டுவார்கள். வெள்ளீயம் கலந்த வெண்பூச்சின்மேல் நீலத்தில் இலை, கொடி, சிலவற்றில் மனித முகம். நடுவே ஒரு பட்டை, அதில் மருந்தின் பெயர், பெரும்பாலும் சுருக்கி. இத்தனை அலங்காரமும் அந்தப் பெயருக்குப் போட்ட சட்டம் என்றுதான் எனக்குப் படுகிறது. உருவமும் பூச்சும் சிரியா முதலான இஸ்லாமிய நாடுகளிலிருந்து போனவை. உள்ளேயும் கிழக்குச் சரக்கு உண்டு. வெனிஸில் பெயர்பெற்ற தெரியாக்கா என்ற லேகியத்தில் விரியன் பாம்பு மாமிசத்தோடு மிளகு, திப்பிலி, இஞ்சி, லவங்கப்பட்டை எல்லாம் சேரும்.

அவர்கள் எழுதிவைப்பவர்கள், நாம் நினைவில் வைப்பவர்கள் என்று சொல்லி, சௌகரியம்போல் பெருமையோ துக்கமோ கொள்வது நமக்குப் பழகிவிட்டது. திருமுக்கூடல் கல்வெட்டு இதற்கு இடம் தருவதில்லை. 11ஆம் நூற்றாண்டு, வீரராஜேந்திரன் காலம். பெருமாள் கோயிலைச் சார்ந்த வீரசோழன் என்ற ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள். வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், பணிப்பெண்கள் எல்லோருக்கும் ஊதியம். கூடவே, வருஷத்துக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகள், பெயர் பெயராக: தசமூல ஹரீதகி, விமலை, சுநேத்ரி, கல்யாண லவணம், புராண கிருதம். கடைசியில் சொன்னது வருஷக்கணக்கில் பழசாக்கிய நெய். எத்தனை கலங்களை மூடிக் கட்டி வைத்திருப்பார்கள்!

ஸ்ரீரங்கத்திலும் ஆரோக்கியசாலை இருந்தது. கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியைப் பிரதிஷ்டை செய்ததை 1493ஆம் வருஷக் கல்வெட்டு சொல்கிறது. சாலையில் வைத்தியர் மாறுவார். அடுத்து வருகிறவருக்கு இருப்புத் தெரியவேண்டும். ஆகவே எழுத்து. கடை என்றாலும் இதே கதைதான், பையன்கள் வருவார்கள், போவார்கள்.

தாத்தாவின் வைத்தியம் வீட்டுத் திண்ணையோடு சரி. எழுதினால் யார் படிக்க? மகன் இருக்கிறான் என்று நினைத்திருப்பார். அப்பா ரயில்வேயில் சேர்ந்துவிட்டார்.