ஓய்வூதியம்
பணி முடித்த தபால்காரர் ஒருவர், “இனி நான் ரிட்டயர் கேஸ்தான் சார்” என்றார். மனம் வலித்தது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘ரிட்டயர்’ பின்வாங்குதலைக் குறித்த சொல். நம் ஓய்வின் வேர் ‘ஓய்’: முடிதல், தளர்தல். மழை ஓய்ந்தது, கால் ஓய்ந்தது என்கிறோம். ஓயாமல், ஓய்ச்சல் எல்லாம் அதன் கிளைகள். அழைப்பிதழ்களில் வரும் ‘பணிநிறைவு’ இன்னும் நல்ல சொல். நிறைவில் முடிவும் உண்டு, நிரம்புதலும் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது ‘ஓய்வூதியம்’. இன்று ஊதியம் என்றால் சம்பளம். திருக்குறளில் அது ஆதாயம், பயன். கொடுத்துப் புகழோடு வாழ்வதையே உயிரின் ஊதியமாகச் சொல்கிறார் வள்ளுவர். அந்தத் தபால்காரர் இப்போது மாலைதோறும் திண்ணையில் உட்கார்ந்து, எழுதத் தெரியாத பாட்டிகளுக்கு வங்கிப் படிவம் நிரப்பித் தருகிறார். மாதம் பிறந்தால் கணக்கில் விழுவது பென்ஷன். திண்ணையில் அவருக்குக் கிடைப்பதே ஓய்வூதியம்.