மொய் நோட்டும் மார்ஜின் பணமும்

பி.காம் படிக்கிறவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் வருமான வரிப் பாடத்தில் அன்பளிப்பு பற்றி ஒரு விதி வருகிறது. அரைப் பக்கம்தான். ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 1958-க்கும், அதற்கும் முன்னால் 1707-க்கும் போய்ச் சேர்கிறது. நடுவில் எங்கள் தொப்பூர்ப் பக்கத்து மொய் நோட்டும் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் கட்டிவிடலாம். வீடு வாங்கும்போது சொந்தக்காரர்கள் கொடுக்கிற பணம் பரிசா, கடனா, பங்கா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு

30 லட்சத்துக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி 2015-ல் திருத்திய விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம். ஆக அதிகபட்சம் 27 லட்சம். மீதி 3 லட்சம் நம் கைப்பணம். இதற்குப் பெயர்தான் மார்ஜின்.

அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். 30 லட்சத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடென்றால் இந்தச் செலவை வீட்டு மதிப்பில் சேர்த்துக் கடன் கேட்க முடியாது. மொத்தம் 5 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் கையில் இல்லாமல் பத்திர ஆபீஸ் வாசலை மிதிக்க முடியாது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆன ஒருவரிடம் இந்தப் பணம் எங்கே இருக்கும்? அப்பா கொடுப்பார், மாமா கொடுப்பார், அம்மாவின் நகை அடகுக்குப் போகும். இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பிரிட்டனில் இதற்கு "அம்மா அப்பா வங்கி" என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே கடன் கொடுக்கும் நிறுவனம், பணம் கொடுத்த பெற்றோரிடம் "இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் எனக்குப் பங்கும் இல்லை" என்று கடிதம் வாங்குகிறது. இங்கேயும் மார்ஜின் பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்டால், அதே மாதிரி ஒரு கடிதம் கொடுக்க வேண்டி வரும்.

அந்தக் கடிதத்தின் மூன்று வாக்கியங்களையும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டினால் சிரிப்பார். திருப்பிக் கேட்காத பணமா? அப்படி ஒன்று உண்டா?

மொய் என்கிற பழைய வங்கி

தொப்பூர் தெரியாதவர்களுக்கு: தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில், கணவாய்ச் சாலையால் எல்லோருக்கும் தெரிந்த ஊர். 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டம் ஆகும்வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. இந்தப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் எதுவானாலும் வாசலில் ஒரு மேஜை, ஒரு நோட்டு, எழுத ஒருவர், எண்ண ஒருவர். பெயர், ஊர், தொகை. 101, 501, 1001. அந்த நோட்டு வீட்டில் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷம் வந்தால் நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதை விடக் கொஞ்சம் சேர்த்து எழுதுவோம்.

வட்டி இல்லை, அடமானம் இல்லை, தவணைத் தேதியும் இல்லை. ஆனால் மறந்தால் மரியாதை போய்விடும். அதுதான் ஜாமீன்.

இதைத் தனி விழாவாகவே ஆக்கியவர்கள் புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்துக்காரர்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவது மட்டும்தான் விசேஷம். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் செலவைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு குடும்பம் விருந்து வைத்தால் அடுத்த முறை ஐந்து வருடம் கழித்துத்தான். வந்த பணத்தில் கிணறு வெட்டுவார்கள், நிலம் வாங்குவார்கள், வீடு கட்டுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதியின் தென்னைகளைச் சாய்த்தபோது மொய் விருந்தும் சேர்ந்து அடி வாங்கியது. 2020-ல் கொரோனா வந்தது. வங்கி இழுத்து மூடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. போட்டவர்களுக்குத் திரும்ப எடுக்க வழியில்லை.

வீட்டுக் கடன் என்பது நம் நாட்டில் அவ்வளவு பழைய விஷயம் அல்ல. அதற்கென்றே எச்.டி.எஃப்.சி. நிறுவனத்தை எச்.டி.பரேக் பம்பாயில் தொடங்கியது 1977-ல்தான். (அது 2023-ல் அதே பெயர் வங்கியோடு இணைந்துவிட்டது.) தேசிய வீட்டு வசதி வங்கி வந்தது 1988-ல். மாதச் சம்பளச் சீட்டு இல்லாத கிராமத்துக்கு அதெல்லாம் வந்து சேர இன்னும் நாளானது. அதுவரைக்கும் கடைக்கால், சுவர், கூரை என்று ஒவ்வொன்றாக எழும்பிய வீடுகளுக்குப் பின்னால் இருந்தது சீட்டுப் பணம், நகை, மொய்.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் தானத்துக்கு விளக்கம் தருகிறது: தானாக முன்வந்து, கைம்மாறு எதுவும் இல்லாமல் கொடுப்பது. "கைம்மாறு இல்லாமல்" என்ற சொல்தான் இங்கே முக்கியம். 1925-ல் பிரான்சில் மார்செல் மோஸ் என்ற அறிஞர் பரிசைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பல சமூகங்களில் பரிசு கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது மூன்றுமே கட்டாயம் என்பது அவர் வாதம். மோஸ் தொப்பூருக்கு வந்ததில்லை. வந்திருந்தால் நோட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டிருப்பார் :-)

அடுத்து வரி. சுதந்திரத்துக்குப் பிறகு 1953-ல் எஸ்டேட் வரி வந்தது. இறந்தவர் சொத்துக்கு வரி. உடனே ஒரு ஓட்டை தெரிந்தது. இறப்பதற்கு முன்பே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால்? 1956-ல் இந்தியாவுக்கு வந்த பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் கால்டோர் அன்பளிப்புக்கும் வரி போடச் சொன்னார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி முந்த்ரா விவகாரத்தில் பதவி விலகியிருந்ததால், அந்த வருட பட்ஜெட்டைப் பிரதமர் நேருவே படித்தார். அன்பளிப்பு வரி அதில்தான் வந்தது. கொடுக்கிறவர் கட்ட வேண்டிய வரி அது. 1998 அக்டோபர் 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள்.

ஆறு வருடம் கழித்து ப.சிதம்பரம் வேறு வாசல் வழியாக அதைக் கொண்டுவந்தார். 2004 செப்டம்பர் 1 முதல் 25,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்த பணம், வாங்கியவரின் வருமானம். 2006-ல் அந்த வரம்பு வருடத்துக்கு மொத்தம் 50,000 ஆனது. வரம்பைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. உறவினர் கொடுத்தால் எவ்வளவானாலும் வரி இல்லை. கல்யாணத்துக்கு வந்தாலும் இல்லை. 2025-ல் வந்த புதிய வருமான வரிச் சட்டமும் இந்த ஏற்பாட்டை விடவில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "உறவினர்" யார் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கணவன் அல்லது மனைவி, கூடப்பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள், இப்படிப் போகிறது. தாய்மாமன் உண்டு, பெரியப்பா உண்டு. மாமன் மகன் இல்லை. பெரியப்பா மகனும் இல்லை! நாம் வாய் நிறைய "அண்ணா" என்று கூப்பிடுகிறவர் சட்டத்தின் கண்ணில் அந்நியர். அவர் மார்ஜினுக்கு ஒரு லட்சம் கொடுத்தால் அது வருமானம்.

கல்யாண விலக்கிலும் ஒரு கொக்கி இருக்கிறது. சட்டத்தின் வாசகப்படி, யாருக்குக் கல்யாணமோ அவர் வாங்குவதற்குத்தான் விலக்கு. நம் ஊரில் மொய் நோட்டு யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா பெயரில். கிரகப்பிரவேசத்துக்கோ, காதுகுத்துக்கோ எந்த விலக்கும் கிடையாது.

சரி, மொய் என்பது கடன்தானே, பரிசு இல்லையே என்று வாதாடலாமா? அப்படிச் சொன்னால் இன்னொரு விதி காத்திருக்கிறது. 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. பரிசு என்றால் ஒரு தொல்லை, கடன் என்றால் வேறொரு தொல்லை. மொய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சட்டத்தில் நடு என்று ஒரு கட்டமே இல்லை.

யாருடைய மொய்?

வரியை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மகளின் மஞ்சள் நீராட்டுக்கு மொய் வருகிறது. தாய்மாமன் சீரும் வருகிறது. அந்தப் பணம் வீட்டு வேலைக்குப் போகிறது, அல்லது சில வருடம் கழித்து மகன் வாங்கும் வீட்டுக்கு மார்ஜினாகப் போகிறது. வாங்கிய மொய்யை அப்பாவும் அம்மாவும் இருபது வருடம் திருப்பி எழுதுகிறார்கள். வீட்டுப் பத்திரத்தில் மகன் பெயர் இருக்கிறது. மகள் பெயர் மொய் நோட்டின் முதல் பக்கத்தில், விசேஷத்தின் தலைப்பாக மட்டும் இருக்கிறது.

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. தமிழ்நாட்டில் 1989-லேயே, நாடு முழுக்க 2005-ல். 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் உறுதி செய்தது. ஆனால் அந்த உரிமை பூர்வீகச் சொத்துக்கு. அப்பா உயிரோடு இருக்கும்போது தன் கைப்பணத்தை மகனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, மகன் தன் பெயரில் வீடு வாங்கினால், அது மகனின் சொந்தச் சொத்து. வங்கிக்குக் கொடுத்த கடிதமும் அதையே சொல்கிறது. அதில் தங்கைக்குப் பங்கு எங்கிருந்து வரும்?

குடும்பம் கொடுப்பதைப் பங்காகவே கணக்கு வைத்த தமிழர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில். அங்கே வழக்கில் இருந்த உரிமைகளை டச்சுக்காரர்கள் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து 1707-ல் முடித்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைச் சரிபார்த்தார்கள். அதுதான் தேசவழமை. அதில் சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடிய தேட்டம். சீதனம் மகளுக்குப் பெற்றோர் கொடுப்பது. பெரும்பாலும் காணி, வீடு. சீதன உறுதி எழுதிக் கொடுப்பார்கள். வாங்கிய மகள் பிறகு பெற்றோரின் மற்ற சொத்தில் பங்கு கேட்க முடியாது. அதாவது சீதனம் பரிசு அல்ல, முன்கூட்டியே கொடுத்த பங்கு.

இதை நல்ல முறை என்று நான் சொல்லவில்லை. சீதனத்தால் கல்யாணமே நின்றுபோன வீடுகள் அங்கேயும் உண்டு, வரதட்சணையால் இங்கேயும் உண்டு. இங்கே 1961-லிருந்து அது குற்றம். ஆனால் ஒரு விஷயம் மட்டும் அங்கே தெளிவாக இருந்தது. கொடுத்தது என்ன, யாருக்கு, எந்தக் கணக்கில் என்று எழுதி வைத்தார்கள்.

நாமும் எழுதுகிறவர்கள்தான். 101 ரூபாய்க்குக் கூடப் பெயர், ஊர் போட்டு எழுதுகிறோம். ஊரார் கொடுத்ததை அவ்வளவு சுத்தமாக எழுதுகிற நாம், வீட்டுக்குள் ஐந்து லட்சம் கை மாறும்போது ஒரு வரி கூட எழுதுவதில்லை. "நமக்குள்ள என்ன கணக்கு?" என்கிறோம். அந்தக் கணக்கில் விட்டுப்போவது அனேகமாக அம்மாவின் நகையும் தங்கையின் மொய்யும்தான்.

அதனால் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். மார்ஜினுக்கு வீட்டில் பணம் வாங்கினால் வங்கி வழியாகவே வாங்குங்கள். அது வருமான வரிக்காரருக்கு. கூடவே ஒரு நோட்டில், இது யார் பெயரில் வந்த பணம், திருப்பி எழுத வேண்டிய மொய் எவ்வளவு, அதை இனி யார் எழுதுவது என்று குறித்து வையுங்கள். வீட்டை வாங்கியவர் எழுதுவதுதானே நியாயம்? அந்தப் பக்கத்தைத் தங்கையிடமும் காட்டுங்கள். அது நமக்கு.

உங்கள் ஊரில் எப்படி? மஞ்சள் நீராட்டு மொய் யாருக்குப் போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மீண்டும் சந்திப்போம்.