நாலு நிமிடம் இருபது நொடி

ஓமலூரில் கேபிள் வேலை செய்யும் நண்பர் ஒருவர், ஒரு லாட்ஜில் நெட்வொர்க் வழியாக அறைகளுக்கு டிவி கொடுத்தார். முதல் நாள் எல்லாச் சேனலும் எல்லா அறைக்கும் பாய்ந்து வைஃபை திணறியது. சுவிட்சில் 'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்' போட்டார். கேட்காத சேனலை அடைக்கவும் சொன்னார். திணறல் நின்றது. மறுநாள் போன். "நாலு நிமிசம் நல்லா ஓடுதுங்ணா, அப்புறம் படம் அப்படியே நின்னுருது."

இந்த நாலு நிமிடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

ஆளுக்கொரு கடிதம் போடலாம். ஊராட்சி ரேடியோ மாதிரி ஊருக்கே அலறவும் செய்யலாம். கேட்க விரும்பும் கூட்டத்துக்கு மட்டும் அனுப்ப முடியுமா? ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டீவ் டீரிங் இதற்கு வழி சொன்னார். 1989 ஆகஸ்டில் அது ஆர்எஃப்சி 1112 என வெளியானது. 224 முதல் 239 வரை தொடங்கும் முகவரிகள் ஆட்களுக்கு அல்ல, குழுக்களுக்கு. யார் கேட்கிறார்கள் என்று அனுப்புபவருக்குத் தெரிய வேண்டாம். கேட்பவர் பக்கத்து ரவுட்டரிடம் சொன்னால் போதும். 1992 மார்ச்சில் சான் டியாகோவில் நடந்த இணையப் பொறியாளர்கள் கூட்டத்தின் பேச்சு, இந்த முறையில் மூன்று கண்டங்களில் சுமார் 20 இடங்களுக்குப் போனது.

சிக்கல் சுவிட்சில் வந்தது. சுவிட்ச், உறையில் அனுப்புநர் முகவரியைப் பார்த்துத்தான் யார் எந்த போர்ட்டில் என்று கற்கிறது. குழு முகவரி ஒருநாளும் அனுப்புநராக வராது. அதனால் சுவிட்ச் அதைக் கற்கவே முடியாது. தெரியாததை எல்லாப் போர்ட்டிலும் கொட்டிவிடும்.

ஆகவே தயாரிப்பாளர்கள் ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். உறையை மட்டும் பார்க்க வேண்டிய சுவிட்ச், ரவுட்டருக்குப் போகும் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும். ஸ்னூப்பிங் என்றால் ஒட்டுப்பார்ப்பதுதான். பழக்கம் முந்திவிட்டது, இதற்கான ஆர்எஃப்சி 4541 வந்தது 2006 மே மாதத்தில். அதுவும் தரநிலையாக அல்ல, பரிந்துரையாக.

ஒட்டுக்கேட்க, யாராவது பேச வேண்டுமே. வழக்கமான அமைப்பில், 125 நொடிக்கு ஒருமுறை ரவுட்டர் "இன்னும் யாராவது பார்க்கிறீங்களா?" என்று கேட்கும். பதிலுக்கு அவகாசம் 10 நொடி. இரண்டு சுற்றும் அந்த அவகாசமும் பதிலில்லாமல் கழிந்தால், அதாவது 260 நொடியில், பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். நாலு நிமிடம் இருபது நொடி.

லாட்ஜில் அப்படிக் கேட்கும் ரவுட்டரே இல்லை. டிவிகள் சேனல் மாற்றும்போது ஒருமுறை சொல்லிவிட்டு, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தன. யாரும் கேட்கவில்லை. அந்த மௌனத்தை சுவிட்ச், ஆள் போய்விட்டதாக எடுத்துக்கொண்டது. கேள்வி கேட்கும் வேலையை, அதாவது 'குவேரியர்' பொறுப்பை, சுவிட்சிடமே ஒப்படைத்ததும் படம் நிற்காமல் ஓடியது.

கருவூலத்தில் ஓய்வூதியர்களுக்கு வருடாந்திர நேர்காணல் உண்டு. வராதவருக்குப் பணம் நிற்கும். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நேர்காணலே நடத்தாமல், வரவில்லை என்று நிறுத்தினால்? லாட்ஜில் நடந்தது அதுதான். அறையில் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.