ஒரு லட்சம் கி.மீ. ஓடிய ஸ்போர்ட்ஸ் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டலாமா? புதுச்சேரி கார் பிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

புதுச்சேரியில் சொகுசு கார்களும் ஸ்போர்ட்ஸ் கார்களும் அதிகம் பதிவாவதற்கு முக்கியக் காரணம், பக்கத்து மாநிலங்களைவிடக் குறைவான சாலை வரி. போலி முகவரி கொடுத்து இங்கே கார் பதிவு செய்ததாக 2017-ல் கேரளாவில் வழக்குகள் பதிவாகும் அளவுக்கு 'பி.ஒய்.' நம்பர் பிளேட் பிரபலம். அப்படி ஓடிய கார்கள் 10, 15 வயதைத் தொட்டு செகண்ட் ஹேண்டில் வரும்போது விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். "கம்மி விலைக்கு வாங்கி டிராக்கில் ஓட்டினால் என்ன?" என்ற ஆசை வருவதும் இங்கேதான்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்த பிறகு, தமிழ் ரசிகர்களிடம் கார் பந்தய ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் அதிக கிலோமீட்டர் ஓடிய காரை அப்படியே டிராக்கில் இறக்கினால் என்ன ஆகும்? எதை முதலில் மாற்ற வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

எங்கே ஓட்டலாம்?

புதுச்சேரியில் ரேஸ் டிராக் கிடையாது. பக்கத்தில் இருப்பது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள டிராக். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய இது 1990-ல் திறக்கப்பட்டது. சுற்று நீளம் சுமார் 3.7 கி.மீ. அதற்கு முன் சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. அடுத்தது கோவை அருகே உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே, சுமார் 2.1 கி.மீ.

போட்டியில் கலந்துகொள்ள இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகள் கூட்டமைப்பின் உரிமம் தேவை. போட்டி இல்லாமல் சொந்த காரை ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே' நாட்களுக்கு விதிகள் வேறு. ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சாலையில் நன்றாக ஓடும் கார் டிராக்கில் ஏன் படுத்துவிடுகிறது?

ஈ.சி.ஆரில் எவ்வளவு வேகமாகப் போனாலும் இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் நடுநடுவே ஓய்வு கிடைக்கும். டிராக்கில் அது கிடையாது. 15, 20 நிமிடம் முழு ஆக்சிலரேட்டர், அடுத்த நொடி முழு பிரேக், உடனே வளைவு என்று மாறி மாறி வரும்.

வேகம் இரண்டு மடங்கானால் காரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அதாவது 160 கி.மீ. வேகத்தில் இருந்து காரை நிறுத்த, 80 கி.மீ. வேகத்தில் நிறுத்துவதைவிட நான்கு மடங்கு வெப்பத்தை பிரேக் தாங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பல முறை.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். ஒழுங்காக ஆயில் மாற்றி ஒன்றரை லட்சம் கி.மீ. ஓடிய கார், பராமரிப்பே இல்லாமல் 60 ஆயிரம் ஓடிய காரைவிட மேல்.

- கம்ப்ரஷன் டெஸ்ட்: எல்லா சிலிண்டர்களிலும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மிகக் குறைவாக இருந்தால் பிஸ்டன் ரிங், வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டில் பிரச்னை இருக்கலாம். இன்ஜின் வேலை என்றால் காரின் விலை அளவுக்கே செலவு போகும்.
- துரு: கடலோர ஊர் என்பதால் இதை விடவே கூடாது. உப்புக் காற்றில் மேல் பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் அடியில் அரித்திருக்கும். காரை லிஃப்டில் ஏற்றி, ஜாக்கி வைக்கும் இடங்கள், தரைத் தகடு, சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்கள், பிரேக் பைப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். இந்த இடங்களில் துரு இருந்தால் கார் வேண்டாம்.
- டைமிங் பெல்ட்: எப்போது மாற்றினார்கள் என்ற பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

முதல் செலவு எதற்கு?

பலரும் செய்யும் தப்பு, வாங்கியதும் பவரை ஏற்றுவது. ரீமேப், பெரிய எக்ஸாஸ்ட் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பழைய இன்ஜினுக்கு அது கூடுதல் சுமை. பணத்தைப் போட வேண்டிய வரிசை இதுதான்.

1. பிரேக்: பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி உருவாகும். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. புதுச்சேரி மாதிரி ஈரப்பதம் அதிகமான ஊரில் ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் புது ஆயில் மாற்றுவதே பாதுகாப்பு. கூடவே அதிக வெப்பம் தாங்கும் பேட், நல்ல டிஸ்க், வெடிப்பு இல்லாத ஹோஸ் தேவை.

2. டயர்: பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன பழைய டயர் வளைவில் வழுக்கும்.

3. கூலிங்: ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம். வெறும் தண்ணீர் ஊற்றக் கூடாது, சரியான விகிதத்தில் கூலன்ட் வேண்டும்.

4. இன்ஜின் ஆயில்: நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்புக்குக் கிடைக்காமல் போகலாம். சில நொடிகள் அப்படி ஓடினாலே பேரிங் போய்விடும். அதனால் ஆயில் அளவு மேல் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

5. சஸ்பென்ஷன்: புஷ், பால் ஜாயிண்ட், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், இன்ஜின் மவுன்ட் எல்லாம் லட்சம் கி.மீட்டரில் தேய்ந்திருக்கும். இவற்றைப் புதிதாக்கி வீல் அலைன்மென்ட் செய்தாலே கார் பாதி புதிதானது போல இருக்கும்.

6. பெட்ரோல் குழாய்: இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் குழாய்கள், சீல்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் தீதான். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்து, இரண்டு மூன்று டிராக் நாட்கள் பிரச்னை இல்லாமல் ஓடிய பிறகு பவரைப் பற்றி யோசிக்கலாம். பிரான்ஸின் லெ மான்ஸ் நகரில் 1923 முதல் நடக்கும் 24 மணி நேரப் பந்தயமும் இதையே சொல்கிறது. கடைசி வரை உடையாமல் ஓடும் காருக்குத்தான் அங்கே மரியாதை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பு நிறுவனத்தின் மூல வடிவமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே வகைப் புது பாகம் போடுவதில் சிக்கல் இல்லை. ரோல் கேஜ், பின் சீட்டை எடுப்பது, எக்ஸாஸ்ட்டை மாற்றுவது என்று முழுக்க டிராக் காராக மாற்றினால், அது சாலைக்கான கார் இல்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

15 வயது தாண்டிய கார் என்றால், சாலையில் ஓட்ட தகுதிச் சோதனையுடன் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. வழக்கமான கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகளுக்கு விலக்கு உண்டு. டிராக்கில் கார் நொறுங்கினால் நஷ்டம் முழுக்க உங்களுடையது. அதனால் இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள். கடனில் வாங்கிய காரை டிராக்கில் இறக்கவே வேண்டாம்.

டிராக் நாளில் மறக்கக் கூடாதவை

- காரில் உள்ள தளர்வான பொருட்கள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மேட், தண்ணீர் பாட்டில் கூட பெடலுக்கு அடியில் சிக்கலாம்.
- ஹெல்மெட், சீட் பெல்ட், கைக்கு எட்டும் தீயணைப்பான் கட்டாயம்.
- முதல் சில சுற்றுகளுக்குப் பிறகு வீல் நட்டுகளையும் டயர் காற்றையும் மீண்டும் பாருங்கள்.
- கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆற விடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போட வேண்டாம், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.
- டெம்பரேச்சர் முள் ஏறினாலோ, பெடல் மென்மையானாலோ அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள்.

"டிராக் ரொம்ப தூரம், ஈ.சி.ஆரிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே" என்று தோன்றலாம். அனுமதி இல்லாமல் சாலையில் ரேஸ் ஓட்டினால் முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனையைவிடப் பெரிய விஷயம் வேறு. டிராக்கில் பிரேக் போனால் காருக்கு முன்னால் சரளைப் படுகையும் தடுப்பும் இருக்கும். ஈ.சி.ஆரில் மீன் கூடையோடு சாலையைக் கடக்கும் ஒருவர் இருப்பார்.