அழாத பிள்ளை

பிள்ளை அழவில்லையென்றால் சுகமாக இருக்கிறது என்று எண்ணுவது பெரியவர்களின் இயல்பு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானிய வைத்தியசாலைகளும் அவ்வாறே எண்ணின. பெற்றோர் வந்தால் தொற்று வரும், அவர்கள் திரும்பும்போது பிள்ளை அழும் என்பன அன்றைய நியாயங்கள். பல இடங்களில் வாரத்தில் ஓரிரு மணித்தியாலங்களே அவர்களுக்கு அனுமதி. சில நாட்களில் பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். பழகிவிட்டது என்று விடுதி ஆறுதலடையும்.

அது பழக்கமன்று, நம்பிக்கையிழப்பு என்றார் ஜேம்ஸ் றொபேட்சன். இலண்டனில் உளமருத்துவர் ஜோன் போல்பியுடன் பணியாற்றிய அவர், சத்திரசிகிச்சைக்காக எட்டு நாட்கள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்து 1952இல் வெளியிட்டார். வைத்தியர்கள் பலர் சினந்தனர். எனினும் 1959இல் சேர் ஹரி பிளாற் தலைமையிலான குழு, பெற்றோருக்குக் கதவைத் திறக்குமாறு அரசுக்குப் பரிந்துரைத்தது.

பெற்றோர் வந்தால் மட்டும் போதுமா? மாதக்கணக்கில் படுத்திருக்கும் பிள்ளையின் பகற்பொழுதை எதனால் நிரப்புவது? வியன்னாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஆசிரியை எம்மா பிளாங், 1955இல் கிளீவ்லாண்ட் நகர வைத்தியசாலையில் விளையாட்டையும் கல்வியையும் இணைத்த திட்டமொன்றைத் தொடக்கினார். சுவீடன் 1977இல் வைத்தியசாலை விளையாட்டைச் சட்டத்திலேயே சேர்த்தது.

இதன் உட்பொருள் பொழுதுபோக்கு அன்று. இரத்தப் புற்றுநோயுற்ற பிள்ளையிடம் ஊசிக்கோ மருந்துக்கோ எவரும் சம்மதம் கேட்பதில்லை. அது 'மாட்டேன்' என்று சொல்லக்கூடிய ஒரே இடம் விளையாட்டறை. அதனாற்றான் அந்த அறைக்குள் ஊசி நுழையக்கூடாது என்ற விதியைப் பல வைத்தியசாலைகள் காக்கின்றன. அங்கே பிள்ளை பொம்மைக்கு ஊசி போடுகிறது. தன் அச்சத்தைச் சொல்லத் தெரியாத வயதில் அதைக் கையாற் காட்டுகிறது. நோயெதிர்ப்புச் சக்தி குன்றி அறைக்கு வரமுடியாத பிள்ளைக்கு, கழுவித் துடைத்த விளையாட்டுப் பொருட்கள் கட்டிலைத் தேடிச் செல்கின்றன.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாடும் உரிமையை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக்குகிறது. நோயுற்ற பிள்ளைக்கு அதில் விலக்கில்லை. இடம் போதாது என்று விளையாட்டறையைக் களஞ்சியமாக்க எண்ணும் நிர்வாகி, அதன் பின் விடுதியில் நிலவும் அமைதியை நலமென்று கணக்கெழுதக்கூடாது. அந்தக் கணக்குப் பிழையென்று 1952இலேயே காட்டப்பட்டுவிட்டது.